ஹைப்டோ கிரிப்டோ: உல்லை அலைக்கு எடுக்கலாமா?

முழங்கால் உயர அலையிலும் ஓட வேண்டும், தலைக்கு மேல் எழும்புகிற நாளிலும் கைவிடக் கூடாது, இரண்டு சேர்ஃப் போர்ட் வாங்கக் காசும் இல்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் உல்லை (அறுகம் குடா), பொத்துவில் பக்கம் சேர்ஃப் பழகி ஒரு கட்டத்துக்கு வந்த பொடியன்மாரும் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி இதுதான். கடைக்காரர் அதற்குக் காட்டுகிற போர்ட்டுகளில் ஹேடன்ஷேப்ஸ் கம்பனியின் ஹைப்டோ கிரிப்டோ அநேகமாக இருக்கும். அவுஸ்திரேலியாவின் ஹேடன் கொக்ஸ் வடிவமைத்தது. நல்ல போர்ட்தான். ஆனால் இரண்டு விதமான கட்டுமானத்தில் வருகிறது. அதில் எதை எடுக்கிறீர்கள் என்பதில்தான் இந்தக் கரையில் காசு மிஞ்சுவதும் கரைவதும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் உருவம். போர்ட்டின் ஆக அகலமான இடம் நடுவில் இல்லாமல், மார்பு படுகிற பக்கமாக முன்னுக்குத் தள்ளி இருக்கிறது. மூக்கு அதிகம் மேல் வளையவில்லை. தண்ணீரில் தட்டையாகப் படுத்து வழுக்கும். வால் மட்டும் ஒடுங்கி வட்டக் கூராக முடிகிறது. ஃபின், அதாவது வாலின் அடியில் பொருத்துகிற துடுப்பு, மூன்று. முன்பாதியில் ஃபிஷ் போர்ட்டின் (சிறிய அலைக்குச் செய்த குட்டையான, அகலமான போர்ட்) தாராளமும் பின்பாதியில் பெரிய அலைக்குச் செய்த போர்ட்டின் பிடிப்பும் ஒன்றாக இருக்கின்றன. கையால் தண்ணீரை வலித்து அலையைப் பிடிக்கும்வரை முன்பாதி வேலை செய்கிறது. எழும்பி நின்றபின் பின்பாதிதான் எல்லாம்.

இந்தக் கலப்பு நம் கரைக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. மெயின் பொயின்ட், பொத்துவில் பொயின்ட், விஸ்கி பொயின்ட், பீநட் ஃபார்ம், உகந்தை என்று இங்கே பேர்போன அலைகள் எல்லாம் வலப்பக்கம் உடைகிற பொயின்ட் அலைகள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்ரோபர் வரை தெற்கிலிருந்து வருகிற எழுச்சி முனையைச் சுற்றி வளைந்து, கரையோரமாக நீள ஓடுகிறது. ஆனால் ஓர் அலை முழுவதும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒரு துண்டு செங்குத்தாக எழும்பும், அடுத்த துண்டு கொழுத்துத் தளரும், அதற்கடுத்தது திரும்ப எழும்பும். பொத்துவில் பொயின்ட்டில் இதை நன்றாகப் பார்க்கலாம். நல்ல நாளில் சில நூறு மீற்றர் ஓடலாம், ஆனால் இடையில் வருகிற தளர்ந்த துண்டில் மெல்லிய ஷோர்ட்போர்ட் அமிழ்ந்து நின்றுவிடும். ஓட்டுகிறவர் இடுப்பை ஆட்டி ஆட்டி உந்திக்கொண்டு போவதைக் கரையிலிருந்தே காணலாம். ஹைப்டோவில் அந்த இடத்தில் முன்காலில் பாரத்தைப் போட்டால் போதும். அகலமான முன்பாதி தண்ணீர் மேல் ஏறி வழுக்கி, அடுத்த துண்டில் கொண்டுபோய் விடும். இந்த ஒரு குணத்துக்காகவே இதை வாங்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மெயின் பொயின்ட்டில் இன்னொரு வசதி. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அங்கே ஆள் நெருக்கம் பெரிது. கை வலித்து முந்துகிறவருக்குத்தான் அலை. மூக்கு தட்டையாகவும் மார்புக்குக் கீழே மிதப்பு அதிகமாகவும் இருப்பதால், அலை முழுதாக நிமிர்வதற்குச் சற்று முன்பே உள்ளே நுழைந்துவிடலாம். அதே மெயின் பொயின்ட்டில்தான் இதன் முதல் குறையும் தெரியும். அலை தலைக்கு மேல் போய் முதல் துண்டு உட்குழியத் தொடங்கினால், பிந்தி இறங்குகிறவருக்கு இந்தத் தட்டை மூக்கு வினை. நேராகக் கீழே பார்த்து இறங்கினால் மூக்கு குத்தும். எழும்பும்போதே வலப்பக்கம் சாய்த்து, குறுக்காக இறங்க வேண்டும். கீழே இருப்பது முருகைக்கல்லும் கடல் முள்ளெலியும் என்பதால் இதைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

திருப்பங்களில் வட்டக் கூர் வால் நீண்ட வளைவுகளைத்தான் வரையும். ஓரத்தை அழுத்தி, முகத்தில் அகலமாகச் சுழன்று, நுரைக்குத் திரும்பி வருகிற ஓட்டத்துக்கு இதைவிடச் சுகமானது குறைவு. அலையின் உதட்டில் செங்குத்தாக அடித்து வாலை வீசி எறிய விரும்புகிறவருக்கு இது சோம்பேறி. 2019 செப்ரெம்பரில் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி மெயின் பொயின்ட்டில் நடந்தது. அந்த மாதிரிப் போட்டிக்குப் பழகுகிற ஆளென்றால் வெட்டி எடுத்த சதுர வால் உள்ள மெல்லிய போர்ட் தேவை, ஹைப்டோவில் காசைப் போடாதீர்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே அலை சுருங்கிய நாட்களில் ஃபிஷ் இதை முந்தும். ஆனால் அலை நிமிர்ந்தவுடன் ஃபிஷ்ஷின் வால் வழுக்கும், இது பிடித்துக்கொள்ளும். வலக்காலை முன்வைத்து நிற்பவர்கள் இந்தக் கரையில் ஆயுள் முழுவதும் அலைக்கு முதுகு காட்டியே ஓட வேண்டியவர்கள். பின்புறம் திரும்பும்போது வால் உதறாமல் நிற்பதால் அவர்களுக்கு இது கூடுதலாகப் பிடிக்கும்.

பேபி பொயின்ட்டில் இப்போதுதான் எழும்பி நிற்கப் பழகுகிறவருக்கு இது வேண்டாம். அவர்களுக்கு மேல்தட்டு மெத்தென்று இருக்கிற மெத்தை போர்ட்தான் சரி, அதில் விவாதத்துக்கு ஒன்றும் இல்லை.

அளவு எடுப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். போர்ட்டில் நீளம், அகலம், தடிப்பு, லீற்றர் என்று எண்கள் எழுதியிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது லீற்றர், அதாவது போர்ட்டின் கன அளவு. மிதப்பு அதில்தான் இருக்கிறது. அலையை ஒழுங்காகப் பிடித்து, அடியில் திரும்பி, முகத்தில் வளைந்து வரத் தெரிந்த ஆளென்றால் உடல் எடையின் கிலோவை 0.42 முதல் 0.45 வரை பெருக்குங்கள். 70 கிலோ ஆளுக்கு 29 முதல் 32 லீற்றர் வரும். இன்னும் தடுமாறுகிற ஆளென்றால் 0.5, அதாவது 35 லீற்றர். இங்கே கடல் நீர் 28 பாகை செல்சியஸை ஒட்டியே இருப்பதால் வெட்சூட் (குளிர் தாங்க அணிகிற இறப்பர் உடை) என்ற கூடுதல் சுமை கிடையாது. குளிர்நாட்டுக்காரர் தனக்குச் சரி என்று சொல்கிற லீற்றரை நீங்கள் அப்படியே எடுத்தால் ஒரு லீற்றர் இரண்டு லீற்றர் கூடிப்போகும். ஹைப்டோவில் அந்தக் கூடுதல் நன்றாகவே தெரியும். அகலம் ஏற்கெனவே தாராளம் என்பதால், தடிப்பும் கூடினால் ஓரத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்த முடியாமல் மேலே மிதந்துகொண்டே இருப்பீர்கள். மறுபுறம், பேர்போன சேர்ஃப் வீரர் கிரேக் ஆண்டர்சன் இந்தோனேசியாவின் மென்டாவாய்த் தீவுகளில் உள்ள கண்டுயி அலையில் தன் உயரத்தைவிட மிகக் குட்டையான ஹைப்டோவில் ஓடிய வீடியோவைப் பார்த்துவிட்டு 5 அடி 4 அங்குலம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர் கிரேக் ஆண்டர்சன், அது கண்டுயி. வழக்கமாக ஓட்டுகிற ஷோர்ட்போர்ட்டைவிட இரண்டு மூன்று அங்குலம் குறைத்தால் போதும்.

‘போர்ட் திரும்ப மாட்டேன் என்கிறது’ என்று குறை சொல்கிறவரின் பின்கால் எங்கே இருக்கிறதென்று முதலில் பாருங்கள். முன்பாதி அகலமாக இருப்பதால் நடுவில் நிற்பதே வசதி என்று தோன்றும். வேகம் எடுக்க அது சரி, திருப்ப அது சரிவராது. ஃபின்களின் நேர் மேலே பின்கால் வந்தால்தான் வால் அசையும். பின்கால் வழுக்காமல் ஒட்டுகிற பின்பக்கப் பட்டையை, லீஷ் (போர்ட்டைக் காலோடு கட்டுகிற கயிறு) மாட்டுகிற குழிக்கு உடனே முன்னால் ஒட்டுங்கள். முன்னுக்குத் தள்ளி ஒட்டினால் காலும் அங்கேயே போய் நிற்கும். லீஷ் 6 அடி. அதன் கயிற்றைக் கட்டும்போது, முடிச்சு வாலின் விளிம்பைத் தாண்டித் தொங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். தாண்டினால் முதல் பெரிய இழுவையில் கயிறு விளிம்பை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். கால் வழுக்காமல் மேல்பக்கம் தேய்க்கிற வக்ஸ் (மெழுகு) வெப்பக் கடலுக்கு உரிய கடினமானதையே கேட்டு வாங்குங்கள், மற்றவை இந்த வெயிலில் வழிந்துவிடும்.

ஃபின்னில் அதிகம் குழம்பத் தேவையில்லை. 1981இல் சைமன் ஆண்டர்சன் பெல்ஸ் பீச் போட்டியை வென்றதிலிருந்து நிலைத்துவிட்ட மூன்று ஃபின் ஏற்பாடுதான் இது. எடை 65 முதல் 80 கிலோவுக்குள் இருந்தால் நடுத்தர அளவு. வால் இறுக்கமாக இருப்பதாகத் தோன்றினால் பக்க ஃபின் இரண்டையும் அப்படியே விட்டு, நடு ஃபின்னை மட்டும் ஓர் அளவு சிறிதாக்குங்கள். சிறிய அலையில் வித்தியாசம் உடனே தெரியும்.

இனி அந்தக் கட்டுமான விசயம். ஒன்று பழைய முறை: பியூ (பொலியூரித்தேன்) ஃபோம், நடுவில் மரச் சட்டம், மேலே கண்ணாடி நாரும் பொலியெஸ்டர் ரெசினும். மற்றது ஃபியூச்சர்ஃபிளெக்ஸ் என்று விற்கப்படுவது: உள்ளே ஈ.பி.எஸ், அதாவது மீன் பெட்டி செய்கிற ரெஜிஃபோமின் இனம். நடுவில் மரம் கிடையாது, அதற்குப் பதிலாக இரு ஓரமும் நெடுகக் காபன் நார்ப் பட்டி, மேலே இப்பாக்சி ரெசின். கறுப்பு ஓரத்தைக் கண்டால் இரண்டாவது ரகம்.

தண்ணீரில் இரண்டும் வேறு வேறு. ஃபியூச்சர்ஃபிளெக்ஸ் எடை குறைவு. அழுத்தினால் வளைந்து, விட்டவுடன் நிமிர்ந்து உந்தும். இடுப்புயர அலையில், காற்றில்லாத விடியற்காலையில், அதுதான் உற்சாகமான போர்ட், சந்தேகமே இல்லை. ஆனால் கச்சான் பலமாக வீசுகிற நாளில் கரையிலிருந்து வருகிற காற்று, எழும்புகிற நேரம் பார்த்து அகலமான மூக்கின் கீழே புகுந்து தூக்கும். எடை குறைந்த போர்ட் அலையின் உச்சியிலேயே தொங்கி நின்றுவிடும். காலை பத்து பதினொரு மணிக்குப் பிறகு கடற்காற்று எழும்பி முகம் கரடுமுரடானால் காலுக்குக் கீழே கடகடவென்று அடிக்கும். பியூ ரகம் சற்றுப் பாரம். அந்தப் பாரமே அதைக் கரடுமுரடான தண்ணீரை வெட்டிக்கொண்டு போக வைக்கிறது. சீசனில் எத்தனை நாள் காற்று என்று இங்கே இருப்பவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஓட்டத்தைவிடப் பெரிய வித்தியாசம் உடைந்த பிறகு வருகிறது. உல்லையிலிருந்து கோமாரி வரை ஃபைபர் போட் (படகு) திருத்தத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. போர்ட்டில் ஓட்டை விழுந்தால் ‘அண்ணே, இதையும் ஒருக்கால் பூசிவிடுங்க’ என்று கொண்டுபோய்க் கொடுப்பது இயல்பு. போட் திருத்துகிறவரிடம் இருப்பது பொலியெஸ்டர் ரெசின். அதில் இருக்கிற ஸ்டைரீன் ஈ.பி.எஸ் ஃபோமைக் கரைத்துவிடும். பூசிய சில நிமிடத்தில் ஓட்டைக்கு உள்ளே ஃபோம் சுருங்கிக் குழியாகும். மேலே கண்ணாடி நார் இறுகி அழகாக நிற்கும், கீழே வெறும் பொந்து. இரண்டு கிழமையில் குதிக்கால் பட்ட இடத்தில் மேல்தட்டு உடைந்து உள்ளே போகும். செய்தவரில் பிழை சொல்ல முடியாது, போட்டுக்கு அதுதான் சரியான ரெசின். பியூ போர்ட்டென்றால் அவர் செய்ததே போதும். இப்பாக்சியும் ஏற்கும், பொலியெஸ்டரும் ஏற்கும்.

உங்கள் கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரியாவிட்டால் ஓட்டைக்குள்ளிருந்து நகத்தால் ஒரு துணுக்கு கிள்ளி எடுங்கள். மணி மணியாக உதிர்ந்தால் ஈ.பி.எஸ். மாவாகப் பொடிந்தால் பியூ. உறுதி வேண்டுமானால் அந்தத் துணுக்கின் மேல் ஒரு துளி அசிட்டோன் விடுங்கள், ஈ.பி.எஸ் கூழாகிவிடும். இதே காரணத்தால் ஈ.பி.எஸ் ஓட்டையை அசிட்டோனால் துடைக்கவும் கூடாது.

ஈ.பி.எஸ்ஸில் இன்னொரு தொல்லை, மணிகளுக்கிடையே தண்ணீர் ஏறும். ஓட்டை விழுந்தது தெரிந்த நிமிடமே கரைக்கு வந்துவிட வேண்டும். ‘இன்னும் ஓர் அலை’ என்று நின்றால் அடுத்த ஒரு கிழமை போர்ட் காய்ந்துகொண்டிருக்கும். ஓட்டை கீழ்ப்பக்கம் வரும்படி நிழலில் சாத்தி வையுங்கள். வெயிலில் வைத்துக் காயவிடாதீர்கள், உள்ளே ஏறிய தண்ணீரும் காற்றும் சூடாகி மேல்தட்டைப் பிரித்துவிடும். ஓட்டையில் டிசு கடதாசியை ஒட்டிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் அது ஈரமில்லாமல் இருந்தால்தான் திருத்தத் தொடங்கலாம்.

திருத்துவது பெரிய வித்தை இல்லை. ஓட்டையைச் சுற்றி வக்ஸ் முழுவதையும் சுரண்டி எடுங்கள். வக்ஸ் இருந்தால் எந்த ரெசினும் ஒட்டாது. உடைந்த நாரை வெட்டி நீக்கி, சுற்றிவர மூன்று சென்ரிமீற்றர் அகலத்துக்கு 80ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் தேயுங்கள். சேர்ஃப் இப்பாக்சி அநேகமாக ரெசின் இரண்டு பங்குக்கு ஹார்ட்னர் ஒரு பங்கு. ஆனால் டப்பாவில் எழுதியிருக்கிற கணக்குத்தான் முடிவு. பெரிய நாணயம் அளவு ஓட்டைக்கு 20 மில்லிலீற்றர் ரெசினும் 10 மில்லிலீற்றர் ஹார்ட்னரும் தாராளம். அளந்தே ஊற்றுங்கள். பொலியெஸ்டரில் ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது போட் வேலைப் பழக்கம். இப்பாக்சியில் கூட்டினால் எத்தனை நாள் வைத்தாலும் இறப்பர் போலவே இருக்கும். கலவையில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து மைக்ரோபலூன் மாவை (ரெசினைத் தடிப்பாக்குகிற இலேசான தூள்) சேர்த்துப் பற்பசைப் பதத்துக்குக் குழைத்து ஓட்டையை நிரப்புங்கள். அதன் மேல் 4 அவுன்ஸ் கண்ணாடி நார்த் துணி இரண்டு துண்டு, முதலாவது ஓட்டையைவிட ஒரு சென்ரிமீற்றர் பெரிது, இரண்டாவது இரண்டு சென்ரிமீற்றர் பெரிது. மிச்ச ரெசினைத் தடவித் துணி கண்ணாடி போல் தெளியும்வரை அழுத்துங்கள்.

இதைக் காலையில் செய்யாதீர்கள். வெயில் ஏற ஏற ஃபோமுக்குள் இருக்கிற காற்று விரிந்து, ஈர ரெசினைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். காய்ந்த பிறகு பார்த்தால் ஊசிக் கண் ஊசிக் கண்ணாகத் துளை. அவை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வழி. பின்னேரம் சூடு இறங்குகிற நேரத்தில் பூசினால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவு முழுவதும் விட்டு, மறுநாள் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகு 120, 220, 400 என்று தேய்த்து முடியுங்கள். காபன் பட்டி வெடித்திருந்தால் மட்டும் இந்த வைத்தியத்தை நம்ப வேண்டாம். அந்தப் பட்டிதான் போர்ட்டின் முதுகெலும்பு, இப்பாக்சி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எனவே பொத்துவிலில் இருந்து, வருசம் முழுவதும் ஒரே போர்ட்டை வைத்துக் காலம் தள்ளுகிறவருக்கு எங்கள் ஆலோசனை பியூ ரகம். உற்சாகம் ஒரு பிடி குறையும், தலையிடி பல மடங்கு குறையும். மாதம் இரண்டு முறை மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ வந்து, விடியற்காலை அலை மட்டும் ஓடிவிட்டுப் போகிறவர், போர்ட்டைப் பத்திரமாகப் பார்க்கிறவர் என்றால் ஃபியூச்சர்ஃபிளெக்ஸ் எடுக்கலாம்.

வெயில் இரண்டு ரகத்துக்கும் எதிரி, கறுப்பு ஓரத்துக்கு இரட்டை எதிரி. பத்து மணிக்குப் பிறகு மணலில் திறந்து போட்ட போர்ட்டின் காபன் பட்டியில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். வெள்ளி நிற உறை அலங்காரத்துக்கில்லை. ஓட்டோவின் கூரைத் தட்டில் கட்டும்போது மேல்பக்கம் கீழே பார்க்க, ஃபின் முன்னுக்கு வர வைத்து, கட்டுகிற நாடாவின் இரும்புக் கொக்கி ஓரத்தில் படாமல் துணி மடித்துக் கொடுங்கள். பாணமை வீதியை விட்டு பீநட் ஃபார்முக்கு இறங்குகிற மண் பாதையின் குலுக்கலில் ஒரு கொக்கி போதும், ஓரத்தில் நட்சத்திர வெடிப்பு விழ.

புதிது வாங்குவதைவிட, சீசன் முடிவில் வெள்ளைக்காரர் விட்டுப் போகிற பழையதைப் பார்ப்பது புத்தி. செப்ரெம்பர் கடைசியில் விமானத்தில் ஏற்ற மனமில்லாதவர்கள் இறக்கி விற்பார்கள். பின்கால் படுகிற இடத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். அமிழ்ந்து கிறீச்சென்றால் மேல்தட்டு பிரிந்துவிட்டது, விலை பேசவே வேண்டாம். குதிக்கால் பள்ளங்கள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஃபின்னைச் செருகுகிற பெட்டிகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மெயின் பொயின்ட் கல்லில் இடித்த போர்ட்டுகளுக்கு அங்கேதான் நோய். கையில் தூக்கும்போது ஃபியூச்சர்ஃபிளெக்ஸ் எதிர்பார்த்ததைவிடப் பாரமாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. ஃபின் இல்லாமல் விற்றால் பெட்டி எஃப்.சி.எஸ் ரகமா ஃபியூச்சர்ஸ் ரகமா (இரண்டும் ஃபின் கம்பனிகள், ஃபியூச்சர்ஃபிளெக்ஸ் வேறு) என்று பார்த்து, ஃபின்னின் விலையையும் கழித்துப் பேசுங்கள். ஒன்றின் ஃபின் மற்றதன் பெட்டிக்குள் போகாது.